மழை நகரம் சென்ற இசைவாணர் ஹைடன்

ஐரோப்பிய இசையுலகின் முன்னோடிகளுள் ஒருவர் ஜோசப் ஹைடன். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை இயற்றியவர். மொசார்ட்டின் நண்பர், பீத்தோவனின் ஆசிரியர். அவரிடம் பணிபுரிந்த இசைஞர்கள் அவரை அப்பா என்றே அழைத்தனர். தம் ஐம்பத்தெட்டாம் வயது வரை கடலையே கண்டிராத இவர், அந்த முதிய வயதில் பெட்டி படுக்கையுடன் புறப்பட்டு, மழைக்கும் மூடுபனிக்கும் பெயர்பெற்ற இலண்டன் மாநகருக்குச் சென்றார். அந்தப் பயணத்தையே நாம் இங்கு விரித்துக் கூற விழைகின்றோம். எனினும், அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை அறியாமல், அப்பயணம் அவருக்கு எத்தகையது என்பதை நம்மால் உணர இயலாது.

ஆஸ்திரியா நாட்டில், அங்கேரி எல்லைக்கு அருகே, ரோராவ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1732ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் ஹைடன் பிறந்தார். தந்தை மத்தியாஸ் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய் மரியா, அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையற்காரியாக வேலை பார்த்தவர். பிறந்த குழந்தைகள் பன்னிருவர்; அவர்களுள் பலர் மழலைப் பருவத்திலேயே மாண்டனர். தந்தைக்கு இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாது. ஆயினும், மாலையில் வேலை முடிந்ததும் யாழ் போன்றதொரு கருவியைக் காதால் கேட்டறிந்தவாறே மீட்டுவார், தாய் பாடுவார். சிறுவன் ஜோசப் அடுப்பங்கரைத் திண்ணையில் அமர்ந்து, இரண்டு குச்சிகளை எடுத்துப் பிடில் வாசிப்பதுபோல் பாவனை செய்வானாம். தாளம் மட்டும் சற்றும் தவறாதாம்.

அயலூரில் பள்ளி ஆசிரியராக இருந்த உறவினர் ஒருவர் இதனைக் கண்டு, சிறுவனைத் தம்முடன் அனுப்புமாறு கேட்டார். ஆறு வயதுகூட நிரம்பாத பிள்ளை பெற்றோரைப் பிரிந்தான். அங்கே அவன் பெற்றது உணவைவிட அடியே மிகுதி என்பதைப் பிற்காலத்தில் ஹைடனே நினைவுகூர்ந்திருக்கின்றார். இருந்தும், அந்த ஆசிரியரைப் பற்றி அவர் ஒருபோதும் கடிந்து பேசியதில்லை. பாடவும், பல கருவிகளை இசைக்கவும் அடிப்படை கற்றுத் தந்தவர் அவரே அல்லவா?

பின்னர் வியன்னா நகரின் புனித ஸ்டீபன் பேராலயத்தின் இசைத்தலைவர் பாடகச் சிறுவர்களைத் தேடிக்கொண்டு அவ்வழி வந்தார். ஜோசப் பாடிக் காட்டினான். ஒரு கமகத்தை மட்டும் அவனால் பாட இயலவில்லை. இசைத்தலைவர் அதனைப் பாடிக் காட்ட, மூன்றாம் முறையில் பிள்ளை அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அவன் சட்டைப்பை நிறையச் செர்ரிப் பழங்கள் பரிசாகக் கிடைத்தன. முதுமையிலும் அந்தக் கமகத்தைப் பாடும்போதெல்லாம் செர்ரிப் பழம் நினைவுக்கு வருவதாக ஹைடன் சிரித்துக்கொண்டே கூறுவாராம்.

1740ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் பேராலயத்தில் பாடினார். குரல் உடைந்தது. உடைந்த குரலுக்கு அங்கே வேலையில்லை. அந்த நேரம் பார்த்து, கையில் புதிய கத்தரிக்கோல் கிடைத்த குறும்பில், முன்னே நின்ற தோழனின் சடைப்பின்னலை அவர் வெட்டிவிட்டார். பிரம்படியும் கிடைத்தது, வெளியே போ என்ற கட்டளையும் கிடைத்தது. பதினேழு வயது இளைஞர், பழைய மேலாடை ஒன்றும் மாற்றுச் சட்டைகள் சிலவும் மட்டும் உடைமையாக, வியன்னாத் தெருவில் நின்றார். ஊருக்குத் திரும்பினால் வண்டிச் சக்கரத் தொழில் காத்திருந்தது. அவர் திரும்பவில்லை. ஸ்பாங்ளர் என்னும் ஏழைப் பாடகர், தாமே மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஒடுங்கிக் கிடந்த சிற்றறையில் அவருக்கும் ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். ஆண்டுகள் பல சென்றபின், அந்தப் பாடகரின் மகளுக்குத் தம் இசைக்குழுவில் பாடகியாக இடம் தேடித் தந்து, ஹைடன் அந்த நன்றிக்கடனைத் தீர்த்தார்.

அதன்பின் அவர் ஒரு மாடத்து அறையில் குடியிருந்தார். கணப்பு இல்லை, கூரை வழியே மழைநீரும் பனியும் உள்ளே இறங்கும். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மாலையில் விழாக்களிலும் தெருக்களிலும் வாசிப்பார். இரவில் செல்லரித்த பழைய விசைப்பலகைக் கருவி ஒன்றின் முன் அமர்ந்து, நூல்களின் துணையால் இசையமைக்கும் கலையைத் தாமே பயில்வார். அந்தக் கருவியின் முன் இருக்கும்போது எந்த அரசரையும் கண்டு தாம் பொறாமைப்பட்டதில்லை என்று அவர் பின்னாளில் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

1761ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் வாழ்வு மாறியது. அங்கேரியின் பெருஞ்செல்வக் குடும்பமான எஸ்டர்ஹாசி இளவரசர்களின் அரண்மனையில் துணை இசைத்தலைவராக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 400 குல்டன். அந்த ஒப்பந்தத்தை நாம் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் அரண்மனைப் பணியாளருக்குரிய சீருடை அணிய வேண்டும். வெள்ளைக் காலுறையும் மாவு தூவிய தலையும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்கூடத்தில் காத்திருந்து, இன்று இசை வேண்டுமா என்று இளவரசரின் கட்டளையைக் கேட்டறிய வேண்டும். அவர் இயற்றும் இசை இளவரசருக்கே உரியது. அதனைப் படியெடுத்துப் பிறருக்குத் தரக்கூடாது. அனுமதியின்றி வேறொருவருக்காக இயற்றவும் கூடாது. தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் நின்று பழகியவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இளவரசர் நிக்கோலஸ் இசையை உயிராக நேசித்தவர் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். நல்ல இசைக்குழுவைத் தந்தார்; ஹைடனின் புதுமுயற்சிகளை வரவேற்றார். ஆனால், சதுப்பு நிலத்தின் நடுவே எஸ்டர்ஹாசா என்னும் பெரும் மாளிகையை எழுப்பி, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். இசைஞர்களுள் பெரும்பாலோர் மனைவி மக்களை அங்கு அழைத்துவர இடமில்லை. 1772ஆம் ஆண்டு இளவரசர் புறப்படும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இசைஞர்கள் அப்பாவிடம் முறையிட்டனர். ஹைடன் மனு எழுதவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் ஒவ்வொரு கருவியாக ஓய்கின்றது. தம் பகுதி முடிந்தவர் தம்முன் எரியும் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுவார். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து அடங்கும். இளவரசர் குறிப்பை உணர்ந்தார். மறுநாளே அனைவரும் வீடு திரும்பக் கட்டளை பிறந்தது. விடைபெறும் சிம்பொனி என்று இன்றும் அது வழங்குகின்றது. யாரையும் புண்படுத்தாமல் ஒரு கோரிக்கையை இவ்வளவு அழகாக முன்வைத்தவர் வேறு எவரேனும் உண்டோ என நாம் வியக்கின்றோம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அவருடைய இசை அச்சாகி, பாரீசிலும் இலண்டனிலும் விற்பனையாயிற்று. அவரோ அந்நகரங்களை எட்டிப் பார்த்ததுமில்லை. 1790ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இளவரசர் நிக்கோலஸ் மறைந்தார். அடுத்து வந்தவருக்கு இசையில் நாட்டமில்லை. இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்குச் சம்பளம் உண்டு, வேலை இல்லை. அவர் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் முன்பின் அறியாத ஒருவர் அவர் அறைக்குள் நுழைந்தார். இலண்டனில் இசை நிகழ்ச்சிகள் நடத்திவந்த சலோமன் என்னும் வயலின் கலைஞர் அவர். ஹைடனைத் தம்முடன் இலண்டனுக்கு அழைத்துச் செல்லவே வந்திருந்தார்.

ஹைடன் இசைந்தார். நண்பர்களோ கலங்கினர். அவர்களுள் ஒருவர் மொசார்ட். ஹைடனைவிட இருபத்து நான்கு வயது இளையவர்; ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் மனமார மதித்தனர். அயல்நாட்டில் வாழ்ந்து பழக்கமில்லை, மொழியும் தெரியாதே என்று மொசார்ட் தடுத்துப் பார்த்தாராம். தம்முடைய மொழி உலகமெங்கும் விளங்குமென்று ஹைடன் விடையளித்தாராம். டிசம்பர் 15ஆம் நாள் வண்டி புறப்படும்வரை மொசார்ட் உடனிருந்தார். இனி நாம் சந்திக்க மாட்டோம் என்று அவர் கண்கலங்கியதாகக் கூறுவர். முதியவருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்பதே அன்று எல்லாருக்கும் இருந்த அச்சம்.

குளிர்காலத்தில் குதிரைவண்டிப் பயணம். மியூனிக் நகரைக் கடந்து, கிறிஸ்துமஸ் நாட்களில் பான் நகரில் தங்கி, மேற்கு நோக்கிச் சென்றனர். பிரான்சு நாட்டுக் கலே துறைமுகத்தை அடையும் முன் கடும் புயலும் ஓயாத மழையும் வழியை மறித்தன. டிசம்பர் 31ஆம் நாள் மாலையில்தான் துறைமுகத்தை எட்டினர். மறுநாள் புத்தாண்டு. காலையில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, ஏழரை மணிக்குக் கப்பலேறினார். முற்பகலில் காற்று வலுத்தது, அலைகள் உயர்ந்தன. பயணிகளுள் பலர் வாந்தியெடுத்துக் கிடக்க, ஹைடன் மட்டும் மேல்தளத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெரும் விலங்கை, அதாவது கடலை, கண்ணாரக் காண வேண்டுமென்று மாலைவரை அங்கேயே நின்றார். மாலை ஐந்து மணிக்கு இங்கிலாந்தின் டோவர் கரையைத் தொட்டனர். 1791ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார்.

அக்கால இலண்டனை மாணவர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நம் நாட்டு மழை சட்டென இறங்கிக் கூரையை அதிரவைத்துவிட்டுப் போய்விடும். அங்குக் குளிர்கால மழையோ பொடித்தூறலாய், ஓசையின்றி, நாள் முழுதும் நசநசத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் நிலக்கரி எரியும். அந்தப் புகை, தேம்சு ஆற்றங்கரையின் ஈரக்காற்றோடு கலந்து கீழே படிந்துவிடும். வெண்மையாக இருக்க வேண்டிய மூடுபனி மஞ்சளாகவும் பழுப்பாகவும் தோன்றும்.

ஹைடன் சலோமனுடன் கிரேட் புல்ட்னி தெருவில் குடியேறினார். வீட்டுக்காரர் ஓர் இத்தாலியர், சமையற்கலைஞர். சோறு நன்று, விலைதான் தாங்கவில்லை என்று வியன்னாத் தோழியொருவருக்கு ஹைடன் எழுதினார். தெருவில் கூவி விற்போரின் இரைச்சல் அவரைப் பெரிதும் வாட்டியது. எழுதுவதற்கு அமைதி வேண்டி, எதிரேயிருந்த பிராட்வுட் பியானோக் கடையில் ஓர் அறையைப் பயன்படுத்திக்கொண்டார். வசந்தம் வந்ததும் நகரின் ஓரத்தில், வயல்வெளி சூழ்ந்த லிசன் குரோவ் என்னும் பகுதிக்கு மாறினார். கோடையில் ஒரு வங்கியாளரின் நாட்டுப்புற வீட்டில் சில கிழமைகள் தங்கியபோது, ஆங்கில இலக்கண நூலைக் கையில் ஏந்தி, காலைதோறும் தனியே காட்டுக்குள் நடந்தார். ஐம்பத்தொன்பது வயதில் இலக்கணம் படிக்கத் தொடங்கிய மாணவர் அவர்!

நகரைச் சுற்றிப் பார்ப்பதில் அவருக்கிருந்த ஆர்வத்துக்கு அளவில்லை. கண்டது, கேட்டது அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்த ஏடுகளைப் புரட்டுவோர் இசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்குமென்று எண்ணுவர். இருப்பவையோ பெரும்பாலும் எண்களும் வேடிக்கைகளுமே. இலண்டன் ஓராண்டில் எட்டு இலட்சம் வண்டி நிலக்கரி எரிக்கின்றது. தெருக்களைத் துப்புரவு செய்ய 4,000 வண்டிகள் உள்ளன, அவற்றுள் நாள்தோறும் 2,000 வேலை செய்கின்றன. நாட்டின் கடனை வெள்ளியாகக் கொடுப்பதாயின், அதனை ஏற்றிய வண்டிகள் இலண்டனிலிருந்து யார்க் நகர்வரை 200 மைல் நீளம் நிற்கும் என்றெல்லாம் குறித்திருக்கின்றார். வண்டிச் சக்கரத் தச்சரின் மகன் எதையும் வண்டிக் கணக்கிலேயே அளந்தார் போலும்!

இசைக்கு வருவோம். முதல் நிகழ்ச்சி 1791ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் ஹானோவர் சதுக்க மண்டபத்தில் நிகழ்ந்தது. அதற்குமுன் பலமுறை நாள் தள்ளிப்போனதால், முதியவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் சிலவற்றில் முணுமுணுப்பு எழுந்திருந்தது. ஏறத்தாழ நாற்பது இசைஞர்கள் அமர்ந்தனர். சலோமன் வயலினுடன் முன்னின்றார். ஹைடன் பியானோவின் முன் அமர்ந்து வழிநடத்தினார். சிம்பொனியின் மெதுவான பகுதி முடிந்ததும் அவையோர் அதனை மீண்டும் வாசிக்குமாறு வற்புறுத்தினர். இத்தகைய பகுதிக்கு அவ்வாறு நிகழ்வது அந்நகரில் மிக அரிது. மே மாதம் அவர் பொருட்டு நடந்த தனி நிகழ்ச்சியில் 200 பவுன் கிடைக்குமென்று உறுதி கூறப்பட்டிருந்தது. கிடைத்தது 350 பவுன். சூலையில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. ஊரார் முன்னிலையில் பட்ட அங்கியோடு வலம்வந்த அவர், குறிப்பேட்டில் எழுதியதோ செலவுக் கணக்கு: மணியடித்ததற்கு ஒன்றரை கினி, அங்கிக்கு அரைக் கினி, பயணத்துக்கு ஆறு கினி.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் தம் மனத்தில் இருந்ததை அதே தோழிக்கு எழுதினார். சிறிது விடுதலை எத்துணை இனிமையானது. நல்ல இளவரசரிடமே இருந்தேன் எனினும், சில வேளை அற்பர்களைச் சார்ந்து வாழ நேர்ந்தது. இப்போது வேலை மிகுதி, ஆனால் நான் எவருக்கும் கட்டுண்ட பணியாளன் அல்லன் என்னும் நினைவு எல்லாக் களைப்பையும் போக்கிவிடுகின்றது என்ற கருத்துப்பட அக்கடிதம் அமைந்திருக்கின்றது. முன்கூடத்தில் முப்பது ஆண்டுகள் காத்துநின்றவர் எழுதியது என்பதை நாம் மறக்கலாகாது. அதே வேளையில் இளவரசர் அவரை உடனே திரும்பி வருமாறு அழைத்திருந்தார். அவர் போகவில்லை. வேலையே போய்விடுமோ என்று அஞ்சினார், அஞ்சியபடியே தங்கினார்.

பின்பு வந்தது குளிர்காலம். இலண்டன் ஈரம் அவருடைய எலும்புக்குள் புகுந்தது. வாத நோயின் வலி தாங்காமல் சில வேளை அலறியதாகவும், தலைமுதல் கால்வரை கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு திரிவதாகவும் அவர் எழுதினார். டிசம்பர் 5ஆம் நாள் பகலில் மூடுபனி வெண்ணெய்போல் ரொட்டியின்மேல் தடவிக்கொள்ளத்தக்க அளவுக்குத் தடித்திருந்ததாம். காலை பதினொரு மணிக்கே விளக்கேற்றிக்கொண்டு எழுத நேர்ந்ததென்று குறிப்பேடு கூறுகின்றது. வேடிக்கையாக எழுதப்பட்ட வரி அது. அதே 1791ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், அங்கே வியன்னாவில், மொசார்ட் தம் முப்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். அந்த மஞ்சள் இருளில் விளக்கொளியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நண்பர் அதனை எங்ஙனம் அறிவார்?

செய்தி வந்தபோது அவர் நம்பவில்லை. வதந்தியாக இருக்குமென்று எண்ணி வேறு வழியிலும் விசாரித்தார். உண்மை என்று தெளிந்தபின் பலநாள் நிலைகொள்ளாமல் தவித்தார். மொசார்ட் எத்தகையவர் என்பதை ஆங்கிலேயருக்கு எடுத்துரைக்க முடியாமலே போயிற்றே என வருந்தினார். மொசார்ட்டின் மகன் வளர்ந்ததும் கட்டணம் ஏதுமின்றித் தாமே இசை கற்பிப்பதாக வியன்னா நண்பர் ஒருவருக்கு எழுதினார். வெறும் இரங்கற்சொல்லோடு நில்லாமல், பிள்ளையின் படிப்பைப் பற்றி அவர் எண்ணியதை நாம் போற்றுகின்றோம்.

துக்கத்துக்கும் நேரமில்லை. சலோமனுக்குப் போட்டியான நிறுவனம் ஹைடனின் பழைய மாணவர் பிளெயலையே வரவழைத்து, குருவுக்கு எதிராகச் சீடரை நிறுத்தியது. ஊரார் இருவருக்கும் சண்டை மூளும் என்று காத்திருந்தனர். அவர்களோ ஒன்றாக உணவருந்தினர். ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் சென்று கைதட்டினர். ஆனால் வேலையில் ஹைடன் விட்டுக்கொடுக்கவில்லை. இரவு நெடுநேரம் விழித்திருந்து, கண்வலியுடன் புதிய இசையை எழுதிக் குவித்தார். 1792ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் அரங்கேறிய சிம்பொனியின் இரண்டாம் பகுதி குழந்தைப் பாட்டுப்போல் எளிதாக, மெதுவாகத் தொடங்கும். இன்னும் மெதுவாகத் தேயும். திடீரென்று முரசோடு முழுக் குழுவும் சேர்ந்து இடிபோல் முழங்கும். உறங்குவோரை எழுப்பவே இவ்வாறு செய்தார் என்பது ஊர்க்கதை. ஹைடன் அதனை மறுத்தார். சீடருக்கு முன்னால் தாம் பின்தங்கிவிடாமல், புதுமையாக ஒன்றைத் தர விரும்பியதே காரணம் என்றார்.

அவ்வாண்டு அவர் கண்டவற்றுள் இரண்டை மட்டும் கூறுவோம். ஸ்லோ என்னும் ஊரில் வானியலறிஞர் ஹெர்ஷலின் 40 அடி நீளத் தொலைநோக்கியைப் பார்க்கச் சென்றார். யுரேனசுக் கோளைக் கண்டுபிடித்த அந்த அறிஞரும் ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இசைஞரே. இருவரும் சந்தித்திருந்தால் விண்மீன்களைப் பற்றிப் பேசியிருப்பரோ, வயலினைப் பற்றிப் பேசியிருப்பரோ. ஆனால் அன்று ஹெர்ஷல் ஊரில் இல்லை என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

மற்றொன்று, புனித பால் பேராலயத்தில் கண்டது. இலண்டனின் அறப்பள்ளிகளில் இலவசமாகப் படித்த ஏழைப் பிள்ளைகள் 4,000 பேர், ஆண்டுக்கொருமுறை சீருடையணிந்து ஒன்றாக அமர்ந்து வழிபாட்டுப் பாடல் பாடுவர். வரிசைவரிசையாக மேலெழும்பிய பலகைகளில் பிள்ளைகள் அமர்ந்திருக்க, இசைத்தலைவர் சுருதி காட்டியதும் அத்தனை குரலும் ஒரே குரலாக எழுந்தது. அன்றைய பாடல் மிக எளியது. கலைநுட்பம் எதுவுமில்லை. முந்தைய ஆண்டு வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் ஹேண்டலின் இசையை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முழக்கக் கேட்டு உருகியவர் ஹைடன். ஐரோப்பாவின் சிறந்த பாடகர்களைக் கேட்டவர். ஆயினும் தம் வாழ்நாளில் எந்த இசையும் இந்தப் பிள்ளைகளின் பாட்டைப்போல் தம்மை உலுக்கியதில்லை என்று எழுதிவைத்தார். மெட்டையும் ஏட்டில் படியெடுத்துக்கொண்டார். பசியோடு பாடிக்கொண்டு, குரல் உடைந்ததும் தெருவில் நின்ற ஒரு சிறுவனை அவர் அந்த வரிசையில் கண்டிருக்கக்கூடும் என்பது எம் எண்ணம்.

1792ஆம் ஆண்டு கோடையில் அவர் நாடு திரும்பினார். வழியில் பான் நகரில் பீத்தோவன் என்னும் இளைஞரைச் சந்தித்தார்; அவ்வாண்டு இறுதியில் அந்த இளைஞர் வியன்னாவுக்கு வந்து அவரிடம் மாணவரானார். 1794ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கினார். 1795 பிப்ரவரி 2ஆம் நாள் ஒரு நிகழ்ச்சியின் முடிவில், அவரை அருகிருந்து காணவேண்டுமென்று மக்கள் மேடையை நோக்கி முண்டியடித்தனர். அந்த நொடியில் மண்டபத்தின் சரவிளக்கு அறுந்து, அவர்கள் விட்டுவந்த வெற்றிருக்கைகளின்மேல் விழுந்து நொறுங்கியது. உயிர்ச்சேதம் எதுவுமில்லை. அவ்வாண்டு மே 4ஆம் நாள் நடந்த நிகழ்ச்சியில் ஒரே இரவில் 4,000 குல்டன் கிடைத்தது. முதன்முதலில் எஸ்டர்ஹாசியில் பெற்ற சம்பளத்தில் பத்தாண்டுக் கூலி அது. இலண்டனுக்காக அவர் இயற்றிய சிம்பொனிகள் மொத்தம் பன்னிரண்டு. அரச குடும்பத்தார் இங்கிலாந்திலேயே தங்கிவிடுமாறு கேட்டுக்கொண்டனர். அவர் இசையவில்லை. பேசும் கிளி ஒன்றைக் கூண்டிலிட்டு எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அவர் இலண்டனில் இருந்தபோது மனைவி, வியன்னாவின் புறநகரில் ஒரு சிறு வீட்டைப் பார்த்து வைத்திருப்பதாகவும், தாம் விதவையானபின் அதில் வாழலாமென்றும் கடிதம் எழுதியிருந்தார். ஹைடன் திரும்பி வந்து அந்த வீட்டையே வாங்கினார். மனைவி 1800ஆம் ஆண்டு மறைய, அதில் வாழ்ந்தவர் ஹைடனே. அவ்வீடு இன்று அவர் பெயரால் அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

இரண்டாம் பயணத்திலிருந்து திரும்பியபின் அவர் பிறந்த ஊருக்குச் சென்றார். ஊர்ப் பிரபு அங்கு அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியிருந்தார். தாய் சமையல் செய்த மாளிகையின் பிரபுக் குடும்பம் அது. ஹைடன் தூணைப் பார்த்துவிட்டுத் தாம் பிறந்த தாழ்ந்த வீட்டுக்குச் சென்று, மண்டியிட்டு வாயிற்படியை முத்தமிட்டாராம். உடன்வந்த பெரியோருக்கு அடுப்பங்கரைத் திண்ணையைக் காட்டி, தம் இசை தொடங்கிய இடம் அதுவே என்றாராம். தாயும் தந்தையும் மறைந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

இங்கிலாந்தில் மக்கள் தம் அரசரை வாழ்த்தி ஒருமித்துப் பாடுவதைக் கேட்டவர், தம் நாட்டுக்கும் அத்தகைய பாடல் வேண்டுமென விரும்பி 1797ஆம் ஆண்டு ஒரு மெட்டமைத்தார். அம்மெட்டு இன்று ஜெர்மனியின் நாட்டுப்பண்ணாக ஒலிக்கின்றது. இலண்டனில் கேட்ட ஹேண்டலின் பேரிசை அவர் நெஞ்சில் தங்கியிருந்து, 1798ஆம் ஆண்டு உலகப் படைப்பைப் பாடும் பெருநூலாக வெளிவந்தது. 1808 மார்ச்சு 27ஆம் நாள் வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் அது பாடப்பட்டபோது, நடக்கவியலாத முதியவரை நாற்காலியில் தூக்கிவந்தனர். உணர்ச்சி மிகுதியால் பாதியிலேயே திரும்ப நேர்ந்தது. வாயிலில் பீத்தோவன் குனிந்து ஆசிரியரின் கைகளை முத்தமிட்டார்.

அடுத்த ஆண்டு மே மாதம் நெப்போலியனின் பீரங்கிகள் வியன்னாவைத் தாக்கின. குண்டொன்று ஹைடன் வீட்டருகே விழுந்தது. நடுங்கிய பணியாளர்களை, ஹைடன் இருக்குமிடத்தில் உங்களுக்குத் தீங்கு நேராது என்று அவர் தேற்றினார். சொன்னவருக்கே உடல் நடுங்கியது. நகரம் வீழ்ந்தது. அவர் நாள்தோறும் பியானோவின் முன் தம்மை அமர்த்தச் சொல்லித் தம் நாட்டு மெட்டை வாசித்துவந்தார். மே 26ஆம் நாள் அதனை மூன்றுமுறை வாசித்தார். 1809ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், எழுபத்தேழாம் வயதில், உறக்கத்தோடு உறக்கமாக உயிர் பிரிந்தது.

போர்க்காலமாதலின் அடக்கம் எளிமையாகவே நடந்தது. சூன் 15ஆம் நாள் வியன்னாவின் ஸ்காட்டிஷ் ஆலயத்தில் நினைவு வழிபாடு நிகழ்ந்தது. நகரத்தாரும், நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் அதிகாரிகளும் ஒன்றாக நின்றனர். அன்று பாடப்பட்டது மொசார்ட் தம் இறுதி நாட்களில் எழுதிய இரங்கலிசை. இலண்டன் மூடுபனியில் ஹைடன் விளக்கேற்றி அமர்ந்திருந்த அந்தக் குளிர்காலத்தில், முடிக்கப்படாமல் நின்றுபோன இசை.